சந்துக்குள் ரவுண்ட்ஸ்

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். என் நினைவில் அன்று மழை பெய்கிறது. ஆனால் நான் சொல்லப்போகும் வகுப்புகள் நடந்தது 2004 மார்ச்சில்; புனேயில் மார்ச்சில் மழை பெய்து நான் பார்த்ததில்லை. வேறு ஏதோ ஒரு நாளின் மழை வந்து சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். பேச்சும் அப்படியே, கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

அப்போது நான் புனேயில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் டைரக்டருக்குச் செயலாளராக இருந்தேன். டைரக்டர் டாக்டர் சுந்தரமூர்த்தி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வானவடியில் வீடு. சமூக மருத்துவத் துறையில் டாக்டர் ஸ்ரீவித்யா இருந்தார், கோயம்புத்தூர்க்காரர். நிக்டி என்ற புறநகருக்குப் பின்னால் ஒரு குடிசைப் பகுதியில் அவர் மாலை நேர கிளினிக் நடத்திவந்தார். நிர்வாகம் அதை மூடிவிட நினைத்தது. அங்கே போகும் டாக்டர்கள் வார்டுக்கு வேண்டும் என்பது காரணம்.

ஸ்ரீவித்யா டைரக்டரிடம் வந்து பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"துறைத் தலைவருங்க எல்லாரும் இது வேணும்னு கையெழுத்துப் போட்டா நான் மேல பேசறேன். அவங்களுக்கு வகுப்பு எடும்மா" என்றார் டைரக்டர்.

"அவங்களுக்கு நானாங்க சார்?"

"பின்ன, நானா?"

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை வகுப்புகள் தொடங்கின. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் நோயை மட்டுமல்ல, சுற்றியுள்ள மக்கள் அத்தனை பேரின் ஆரோக்கியத்தையும் ஆஸ்பத்திரி எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பாடம். தலைவர்கள் வந்தார்கள், மாணவர்களைப் போலவே கடைசி வரிசைகளில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் அறுவை சிகிச்சைத் துறையின் டாக்டர் பக்தவத்சலம், மெட்ராஸ்காரர். அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம்தான் மற்றவர்களும் சாய்வார்கள்.

சர்க்கரை நோயால் காலை எடுக்க வேண்டிவந்தவர்களைப் பற்றி ஸ்ரீவித்யா பேசினார். நிறையப் பேர் நிக்டிக்குப் பின்னால் இருந்த அந்தப் பகுதிக்காரர்கள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவங்கல்லாம் எங்கீங்க சார் இருந்தாங்க?"

"வீட்ல" என்றார் பக்தவத்சலம். எல்லோரும் சிரித்தார்கள். "வராதவனுக்கு நான் எப்படிம்மா ஆபரேஷன் பண்றது?"

"பண்ணாம இருக்கறதுக்குத்தானுங்க சார் கேக்கறேன்."

பக்தவத்சலம் கால் மேல் கால் போட்டிருந்ததைக் கீழே எடுத்து வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பகுதிக்கே போகலாம், வார்டில் ரவுண்ட்ஸ் போவதுபோல அங்கே ஒரு ரவுண்ட்ஸ் என்றார் ஸ்ரீவித்யா. சாதாரண உடையில், இரண்டிரண்டு பேராகப் போவது அவர் திட்டம்.

"ரவுண்ட்ஸ்னா கோட்டு இல்லாமயா?" என்றார் பக்தவத்சலம். "நான் என்ன மண்டிக்குக் காய்கறி வாங்கவா போறேன்?"

கோட்டோடுதான் போனார்கள். வேனை விட்டு இறங்கியதும், யாரும் சொல்லாமலே, வார்டில் நடப்பதுபோல வரிசை அமைந்துவிட்டது. முன்னால் பக்தவத்சலம், அவருக்கு அரை அடி பின்னால் அடுத்தவர், அவருக்குப் பின்னால் அதற்கடுத்தவர். தனக்கு மேலிருப்பவரை யாரும் தாண்டி நடப்பதில்லை. கடைசியில் அட்டையும் பேனாவுமாக நான். ஸ்ரீவித்யா துறையில் இளையவர் என்பதால் என் பக்கத்தில் ஒதுங்கிவிட்டார். யோசித்துப் பார்த்தால், அவர் முன்னால் நடந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

முந்தின வாரம்தான் யாரோ வந்து, வீடுகளை இடிப்பதற்காக அந்தச் சந்து முழுவதையும் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. குழாயடியில் நின்ற சின்னம்மா என்ற பெண் எங்களைப் பார்த்தாள். சேலத்துப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவள், கிளினிக்குக்கு வழக்கமாக வருகிறவள்.

"அதிக்ரமண்வாலே ஆயே! இடிக்க வந்துட்டானுங்கடி!"

குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

ஸ்ரீவித்யா முன்னால் ஓடிப் போய்க் கதவைத் தட்டினார். "சின்னம்மா, நான்தான். டாக்டரு."

"நீயும் அவனுங்களோடதான வந்த?" என்றது உள்ளிருந்து குரல்.

சந்து அமைதியாகிவிட்டது. தகரக் கூரை வெயிலில் சடசடக்கும் சத்தம் மட்டும். (மழை என்று சொன்னேனே, இந்தச் சத்தம்தானோ என்னவோ.) பக்கத்து வீட்டுக்குள் ஒரு குழந்தை இருமியது. பக்தவத்சலம் அந்தக் கதவருகே போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி இருமியது.

"இந்த இருமல் சரியில்ல" என்றார். "டாக்டர் ஹூம், கோலோ" என்று இந்தியில் திறக்கச் சொல்லித் தட்டினார். இருமலை யாரோ கையால் பொத்தியது கேட்டது. அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். அவரைத் தாண்டிப் போக முடியாமல் மற்றவர்களும் நின்றார்கள்.

வேனில் எலும்புத் துறைத் தலைவர், "நம்மள புல்டோசர்காரன்னு நெனச்சுட்டாங்க" என்று சிரித்தார். பக்தவத்சலம் சிரிக்கவில்லை. அதனால் சிரிப்பு பரவவில்லை.

கடைசி வகுப்பில் ஸ்ரீவித்யா பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னாலேயே பக்தவத்சலம் கேட்டார்.

"அந்தக் குழந்தையக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"இல்லீங்க சார். அன்னைக்கப்புறம் கிளினிக்குக்கு யாருமே வர்றதில்லீங்க."

"யாருமேவா?"

"யாருமேதானுங்க."

அவர் என் பக்கம் கையை நீட்டினார். "அந்தப் பேப்பரக் குடு கிட்டு." கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் எல்லோரும் போட்டார்கள். பாடம் நடக்கவில்லை.

நிர்வாகம் ஒரு வருடம் அவகாசம் கொடுத்தது. ஸ்ரீவித்யா தினமும் மாலை போய் உட்கார்ந்தார். வீடுவீடாகப் போய்ப் பேசினார். தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், கிளினிக்குக்கு மட்டும் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை பக்தவத்சலம் கோட்டில்லாமல் தன் பழைய பஜாஜ் ஸ்கூட்டரில் அங்கே போனாராம். இருவரும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, இருட்டும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கம்பவுண்டர் சொன்னார்.

2005 மார்ச்சில், நோயாளிகள் வருவதில்லை என்ற காரணம் காட்டி கிளினிக்கை மூடினார்கள். அந்தக் காரணம் உண்மைதான். அடுத்த வருடம் அந்தக் குடியிருப்பை இடித்தார்கள். சின்னம்மா ஹடப்சர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஸ்ரீவித்யா கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருக்கிறார். பக்தவத்சலம் ஓய்வு பெற்று, விமான் நகரில் மகள் வீட்டில் இருந்து, 2009இல் இறந்தார். சுந்தரமூர்த்தி வானவடியிலேயே இருக்கிறார், காது கேட்பதில்லை. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நான் நிக்டியில்தான் இருக்கிறேன்.