நாலாம் நம்பர் கட்டில்

"மாரியாத்தாவையே ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணவன் நானு. நாலாம் நம்பர் கட்டில். கையைப் புடிச்சி நரம்பு பார்த்து ஒரு பாட்டில் ஏத்தினேன். மூணாம் நாள் எழுந்து, 'கோதண்டராமா, இப்ப தேவலைடா'ன்னுட்டுப் போனா."

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், தொண்ணூற்றொன்றாம் வருஷம் கார்த்திகை மாதத்தில், இந்தப் பேச்சைக் கேட்காதவர் யாரும் பாக்கியில்லை. கடைப் பூனைகூட இரண்டு முறை கேட்டிருந்தது. கோதண்டராமன் முப்பத்தோரு வருஷம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கம்பவுண்டராக இருந்து, செப்டம்பர் கடைசியில் ஓய்வு பெற்றவர். பிரிவு உபசாரத்தில் போட்ட மாலை வாடுவதற்குள் டீக்கடையில் கதை அளக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கை அத்தனை வருஷம் மருந்தை அளந்து அளந்து ஊற்றியதற்கு ஈடாக, வாய் இப்போது எதையும் அளக்காமல் ஊற்றியது. மூன்றடிச் சாரைப்பாம்பு அவர் வாயில் புகுந்து வெளியே வரும்போது ஒன்பதடி இருக்கும், தலையில் ஒரு கல்லும் மின்னும்.

எல்லோரும் சிரிப்பார்கள். ஓர் ஆள் மட்டும் ரோட்டைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்து, "பொய்" என்பார். அவர் தசரதன், புளியந்தாங்கல் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. "எங்க ஆத்தா எல்லை தாண்டினதே கெடையாது" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். தினமும் வருவார். தினமும் இதே ஒரு வார்த்தை.

அன்றைக்குக் கடையில் புது ஆள் ஒருவன் இருந்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பாக்டரிக்கு இரும்புத் தகடு ஏற்றி வந்த லாரி டிரைவர் பாபு. "ஆத்தாவுக்கு இன்னா நோவு பெருசு?" என்று கேட்டுத் தொலைத்தான். கோதண்டராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் பெருக்கியதை எல்லாம் வகுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்.

அந்த ஆடி மாதம், உலகத்தின் மறுகோடியில் தென்னமெரிக்காவில் காலரா ஊர் ஊராகத் தின்றுகொண்டிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். சுகாதார நிலையத்து டாக்டர் லீலா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வயது முப்பதுக்குள். அதைக் கேட்டு அவர் சாப்பாட்டை மூடி வைத்ததைக் கோதண்டராமன் பார்த்தார். புளியந்தாங்கல் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த கூலியாள் ஒருவனுக்கு அந்த வாரம்தான் வாந்திபேதி கண்டிருந்தது. சனிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. காலரா. மறுநாள் ஞாயிறு, புளியந்தாங்கலில் கூழ் ஊற்றும் திருநாள்.

சாயங்காலமே ஜீப்பில் போனார்கள். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருந்தது. லீலா பாட்டை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கினார்.

"ஐயாமாரே, அம்மாமாரே, திருவிழா வேண்டாம்னு நான் சொல்லல. ஒரு வாரம் கவனமா இருங்க. கூழை அவங்கவங்க வீட்டுல வச்சுக் குடிங்க, எல்லாத்தையும் ஒரே கொப்பரையில ஊத்தாதிய. ஏரித் தண்ணியைக் கொதிக்க வைக்காம வாயில வைக்காதிய. வயித்தால போச்சுன்னா ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காம என்கிட்ட கொண்டாங்க. கையெடுத்துக் கும்பிடுதேன்."

"நல்லாத்தான் பேசுது இந்தப் பொண்ணு. இன்னா கட்சி?" என்று பின்னால் ஒரு அம்மாள் விசாரித்தாள். தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

தசரதன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, மரியாதையாகவே சொன்னார். "கூழை நாங்க பச்சையாவா குடிக்கிறோம்மா? ராவெல்லாம் அடுப்புல கொதிச்சது."

கொதித்தது உண்மை. ஆனால் விடிவதற்குள் அது களியாக இறுகிவிடும். அம்மன் அபிஷேகத்துக்கு ஏரியில் மொண்ட குடங்களில் மிச்சமிருக்கும் தண்ணீரை விட்டுத்தான் அதைக் கரைப்பார்கள். அபிஷேகத் தண்ணீர் என்பதால் அதைக் காய்ச்ச யாருக்கும் மனம் வராது. பிறகு எல்லா வீட்டுக் கூழும் ஒரே கொப்பரையில் போய்ச் சேரும். கொப்பரையிலிருந்து வீட்டுக்கொரு செம்பு திரும்பி வரும். ஊர் ஒரு வயிறாக இருக்க வேண்டும் என்று ஆத்தாவுக்கு விருப்பமாம்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் ஒரு வயிறாகவே குடித்தது.

திங்கள் மத்தியானத்துக்குள் இருபது வீட்டில் படுத்துவிட்டார்கள். லீலாவும் கோதண்டராமனும் ஜீப்போடு போனால் ஒருவரும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமையே காப்புக் கட்டியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு தீமிதி முடிந்து காப்பு அறுக்கும்வரை ஊரார் யாரும் எல்லைக்கு வெளியே ராத் தங்கக்கூடாது. பாக்டரிக்குப் போகிற பிள்ளைகளே ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு ஊரில் கிடந்தார்கள். மற்ற ஊர்களிலிருந்தும் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்ததால் லீலா புளியந்தாங்கலிலேயே தங்கவும் முடியாது. கொண்டுவந்த பதினோரு பாட்டிலையும் வீடு வீடாக ஏற்றினார்கள். கடைசி பாட்டிலைத் தசரதன் வீட்டில், அவர் மனைவி அம்சவல்லிக்கு ஏற்றினார்கள்.

"அண்ணாச்சி, ஜீப்பு வாசல்லயே நிக்கி. இந்த ஒரு பாட்டில் காணாது. தூக்கிட்டு வாங்க."

தசரதன் தரையைப் பார்த்தார். கண் உள்ளே போயிருந்த அம்சவல்லிதான் பதில் சொன்னாள். "நான் எல்லையத் தாண்டினா எம்பொண்ணுக்கு ஆவாது டாக்டரம்மா. நீ போ."

திரும்பும் வழியில் ஜீப்பில் வைத்துத்தான் கோதண்டராமனுக்கு அந்த யோசனை வந்தது. ஆத்தா தாண்டினால் ஊர் தாண்டும். சொல்ல வாயைத் திறந்தார். ஓய்வு பெற இரண்டே மாதம். அரசு ஊழியர் சாமியைக் கடத்தினார் என்று எவனாவது ஒரு கார்டு எழுதிப் போட்டாலும் பென்ஷன் பேப்பர் நகராது. முப்பத்தோரு வருஷமாக மூடாத வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. டீக்கடையில் இந்த இடத்தை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஊரில் ஐந்து பிணம். அதில் அம்சவல்லியும் ஒருத்தி. திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் லைட்டைக் கழற்ற ஆளில்லாமல், அது பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. மனைவியை எடுத்துப்போட்டுவிட்டு வந்த தசரதன் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய ஒன்பது வயசுப் பெண் கலைமதி. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி அவள் பாவாடை வழியே போய்க்கொண்டிருந்தது. அழ அவள் உடம்பில் தண்ணீர் இல்லை.

கோதண்டராமன் சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

"எங்க ஊர்ல அம்பத்திரண்டுல ஏரி ஒடைஞ்சிச்சி, தசரதா. காப்புக் கட்டின மூணாம் நாள். ஆத்தாவத் தூக்கினு போய் மேட்டுல சத்திரத்துல வச்சாங்க. ஊர் சனமெல்லாம் பின்னாடியே போச்சு. ஆத்தா எங்க குந்தறாளோ அதாம்பா எல்லை."

அவர் ஊரில் ஏரியே கிடையாது.

"நெசமா?" என்றார் தசரதன்.

"எம்பொண்டாட்டி மேல சத்தியமா."

அவர் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பூசாரி அப்பாவு, வீட்டில் மகனைப் படுக்கப் போட்டிருந்தவர், கர்ப்பக்கிரகத்திலிருந்து மெல்லச் சொன்னார். "ஆமா. நானும் கேள்விப்பட்டுக்கீறேன்." அப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதேயில்லை.

உற்சவ அம்மனைப் பட்டுச்சேலையால் முக்காடிட்டுத் தசரதனின் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார்கள். சுற்றிலும் வைக்கோல் போட்டு நோயாளிகள். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பக்கத்தில் மாட்டுவண்டியைக்கூடப் போலீஸ் சோதிக்காமல் விடுவதில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் கான்ஸ்டபிள் கை காட்டினார்.

"முக்காடு போட்டுகினு கீறது யாரு?"

"பேஷண்டு சார்" என்றார் கோதண்டராமன்.

"பேரு?"

"மாரியம்மா."

"எழுந்து நிக்கச் சொல்லு."

"அவங்களுக்கு எழுந்திருக்கிற வழக்கம் இல்ல சார்."

கான்ஸ்டபிள் லத்தியால் முக்காட்டை விலக்கினார். வெள்ளிக் கண் இரண்டும் அவரைப் பார்த்தன. பூட்ஸைக் கழற்ற நேரமில்லாமல் தொப்பியைக் கழற்றினார். கோதண்டராமனின் கணக்கில் அங்கே நின்றது நாற்பது போலீஸ், இரண்டு துப்பாக்கி வண்டி. நிஜத்தில் அந்த ஒருவர்தான்.

ஆஸ்பத்திரியில் ஆறே கட்டில். ஆத்தா உட்காராமல் நாங்கள் படுக்கமாட்டோம் என்று சனம் வாசலிலேயே நின்றது. லீலா ஒரு நிமிஷம் அம்மனைப் பார்த்தார். பிறகு ஒரு கட்டிலைக் காலி செய்து, தாமே விரிப்பை இழுத்துவிட்டார். ஊசிக்குப் பயந்து கையை ஒளித்தவர்களுக்காக, கோதண்டராமன் காலி பாட்டிலில் பச்சைத்தண்ணீர் ரொப்பி அம்மன் தலைக்கு மேல் தொங்கவிட்டு, குழாயைச் சேலைக்குள் செருகினார். "ஆத்தாவே குத்திக்கினா, உனக்கு இன்னா?" கைகள் நீண்டன. உள்நோயாளிகள் பதிவேட்டில் நர்ஸ் எழுதினாள்: மாரியம்மாள், பெண், வயது தெரியவில்லை, புளியந்தாங்கல்.

முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு பேர் பிழைக்கவில்லை. கலைமதிக்குக் கையில் நாடி கிடைக்காமல், கணுக்காலில் நரம்பு தேடிக் குத்தினார் லீலா. மறுநாள் மத்தியானம் அவள் கண்ணைத் திறந்து, அம்மா எங்கே என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை டிராக்டர் அம்மனோடு திரும்பியது. தீமிதி நடக்கவில்லை. ஆத்தா எல்லை தாண்டியதை அதற்குப்பின் ஊரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோதண்டராமன் கதையை முடித்துவிட்டு வழக்கம்போல் டீக்கடையைச் சுற்றிப் பார்த்தார். "ஆத்தா டிஸ்சார்ஜ் ஆவும்போது எனக்கு ஒரு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போனா" என்று சேர்த்துக்கொண்டார். பாபு சிரித்தான்.

"பொய்" வரவில்லை. தசரதன் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். இத்தனை நாளில் முதல்முறை.

"கோதண்டராமா, அந்த ரோசனை உனக்கு எப்ப வந்துச்சு?"

சொல்ல எத்தனையோ இருந்தன. செவ்வாய்க்கிழமை, உன்னைப் பார்த்த அந்த நிமிஷம், ஆத்தாவே காதில் சொன்னாள் என்று அளக்கலாம். கடை முழுக்கக் கேட்டு ரசிக்கும். கோதண்டராமன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம" என்றார். "உன் வூட்டுலருந்து திரும்பி வர்றப்போ, ஜீப்புல. பென்ஷன் போயிடும்னு பயந்துகினு சொல்லல."

தசரதன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை.

"நானுந்தான்" என்றார். "அந்த டாக்டரம்மா ஜீப்பு நிக்குதுன்னு கூப்ட்டப்பவே எம்பொண்டாட்டியத் தூக்கினு ஓடணும்னு தோணுச்சு. ஊர் இன்னா சொல்லுமோன்னு குந்திகினு இருந்தேன்."

பாபுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ ஆத்தா கட்டில்ல படுத்தது நெசந்தானா பெருசு?"

தசரதன் எழுந்து கிளாஸைக் கழுவி வைத்தார்.

"நடந்துச்சுப்பா. இவன் நம்பரைத்தான் தப்பா சொல்லிகினு கீறான். ஆத்தா அஞ்சாம் நம்பர். நாலுல எம்பொண்ணு இருந்தா."