வெள்ளை வளையம் போட்ட தென்னையள்

சீலா, நித்திரையே? எனக்கு வரேல்லை. விடிஞ்சா மரம் வெட்ட இயக்கப் பொடியள் வந்திடுவாங்கள்.

நீங்கள் மயிலிட்டியிலை இருந்து இடம்பெயர்ந்து எங்கடை வீட்டை வர முந்தியே தியாகலிங்கம் அண்ணை உந்தத் தென்னை ஆராய்ச்சியைத் துவங்கிட்டார். பெரியம்மான்ரை மகன், கம்பஸிலை விவசாயம் படிக்கிறவர். எங்கடை வளவிலை தென்னை முழுக்க வண்டு குருத்தைக் கடிக்குது, அஞ்சு மரத்தை மட்டும் தொடுறேல்லை. ஏனெண்டு அவருக்கும் தெரியாது. அந்த அஞ்சிலையும் தேங்காய் எடுத்து நாத்துப் போட்டு, முளைக்கிற கண்டுகளையும் வண்டு தொடாமல் விடுதோ எண்டு பாக்கவேணுமாம். அடையாளத்துக்குச் சுண்ணாம்பாலை வளையம் போட்டவர். நான்தான் வாளி பிடிச்சனான்.

போன கிழமை பொடியள் பங்கர் மூட மரக்குத்தி கேட்டு வந்தவங்கள். அண்ணை கெஞ்சினார். "வளையம் போட்டதை மட்டும் விடுங்கோ தம்பிமார், ஆராய்ச்சி மரம்." அவங்களும் ஓமெண்டாங்கள். அடுத்தநாள் அண்ணை கிளாலியாலை வள்ளமேறிக் கிளிநொச்சிக் கம்பஸுக்குப் போயிட்டார்.

அம்மா என்ன செய்தவா தெரியுமே? வளையம் இருந்தா வெட்டமாட்டாங்கள் எண்டு வளவிலை நிண்ட எல்லாத் தென்னைக்கும் போட்டிட்டா. அண்ணை போட்டதுக்கு மேலையும் ஒருக்காப் பூசிவிட்டா. இப்ப எல்லாம் ஒரே வெள்ளை.

இண்டைக்குப் பின்னேரம் அவங்களிலை பெரியவன் வந்து பாத்திட்டுச் சிரிச்சவன்.

"என்னணை அம்மா, வளவு முழுக்க ஆராய்ச்சியோ?"

"ஓம் தம்பி, வண்டு கூடிப்போச்சு."

அவன்ரை சிரிப்பு நிண்டிட்டுது. "காலமை வாறம். எது உண்மையான மரமெண்டு ஆராவது காட்டுங்கோ. காட்டாட்டி வாசல் படலையடியிலை இருந்து வரிசையா வெட்டுவம்."

படலையடியிலை முதல் நிக்கிறது அண்ணையின்ரை மரம், சீலா. அது எனக்கு நிச்சயம். இன்னும் ரெண்டு தெரியும். மிச்சம் ரெண்டும் வேலியோரமோ, கிணத்தடியோ, யோசிக்க யோசிக்கக் குழம்புது. வெளிச்சம் வந்தா ஓலையைப் பாத்துப் பிடிக்கலாம். வண்டு கடிச்ச குருத்து விரியேக்கை ஓலை கத்திரிக்கோலாலை வெட்டினமாதிரி இருக்கும்.

ஆனா அஞ்சைக் காட்டினா, மற்றதெல்லாத்தையும் வெட்டுங்கோ எண்டு நான் சொன்னமாதிரியெல்லே? அம்மா தேங்காய் வித்துத்தானே உலை வைக்கிறா. வாயைத் திறக்காதை எண்டிட்டா. திறக்காட்டி அண்ணை திரும்பிவந்து எதைப் பாப்பார்? எது சரியெண்டு எனக்கு விளங்கேல்லை.

காட்டத்தான் போறன் போலை கிடக்கு. அம்மான்ரை முகத்தைப் பாத்தா எனக்குக் கதை வராது. நீ எனக்கும் அவவுக்கும் நடுவிலை நில்லன், சீலா. ஒண்டும் கதைக்க வேண்டாம், சும்மா நிண்டாப் போதும்.