பாட்டில் நிற்கும் வரை

அத்தை வீட்டு ஹாலில் ஒரு பச்சைக் கண்ணாடி பாட்டில் நாலு வருஷமாக நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சத்தம் அதிகமில்லை, பழைய மின்விசிறி போடும் அளவுக்குத்தான். பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்குகிறார்கள், துடைக்கிறவர்கள் அதைச் சுற்றித் துடைக்கிறார்கள், அடியில் மட்டும் தரை தேய்ந்து சின்னக் கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது. அதற்கு எதிரே நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். அவரும் அதே நாலு வருஷமாக எழுந்திருக்கவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டால் அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதிக் கதையில் தப்பு பெரியவள் தலையில் வந்து விடியும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவைப்பது நல்லது.

பெரியவள் என்பது அத்தையின் தம்பி மகள்கள் இருவரில் மூத்தவள். பொய்ப்பல் செய்யும் பட்டறையில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, போட்டுக்கொள்ளப் போகிறவரின் வயசுக்கும் முகத்துக்கும் ஏற்ற மாதிரி கொஞ்சம் மஞ்சள் தட்டச் செய்வாள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவள் கட்டிய பல்தான். அந்தப் பல்லைக் காட்டித்தான் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சொல்லும்போதே வயிறு எரிகிறது. சிரிக்க என்ன காரணம்? அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவ்வளவுதான். அவள் யார் குடியையும் கெடுக்கவில்லை, யாரிடமும் போய் நிற்கவில்லை. இரண்டு இடம் வந்தது, இரண்டும் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொன்னாள். சொன்னதுதான் குற்றமாகிவிட்டது.

அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் முந்தின வாரம் பெண்கள் மட்டும் கூடி ஒரு பார்ட்டி வைப்பார்கள். ஹால் பெரிசு என்பதால் எப்போதும் அத்தை வீட்டில்தான். சாப்பாடு, பாட்டு, விளையாட்டு எல்லாம் முடிந்த பிறகு அத்தை அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிவைத்த பச்சை பாட்டிலை எடுத்துவருவார். அந்த விளையாட்டுக்குப் பெயர் 'அடுத்தது யார்'. வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் பாட்டிலைப் படுக்கவைத்துச் சுற்றிவிடுவார்கள். அதன் வாய் யாரைப் பார்த்து நிற்கிறதோ அவளுக்குத்தான் அடுத்த கல்யாணம். அது வருஷா வருஷம் பெரியவளையே பார்த்து நின்றது. ஏன் நிற்காது? அந்த ஹாலின் தரை வாசல் பக்கம் லேசான சரிவு. எலுமிச்சம்பழம் கைதவறி விழுந்தால் செருப்பு வைக்கும் இடத்தில்தான் போய் எடுக்க வேண்டும். பாட்டிலின் கனத்த அடி பள்ளத்துக்குத் திரும்பும், வாய் மேட்டைக் காட்டும். மேட்டுப் பக்கம் ஜன்னலோர நாற்காலி, அதில் "நீ இப்படிக் காத்தாட உட்காரும்மா" என்று அத்தை பெரியவளைக் கையைப் பிடித்து உட்காரவைப்பார். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் பாட்டில் நின்றதும் கையைத் தட்டி, "இந்த வருஷமாவது பாட்டில் வாக்கு பலிக்குமா?" என்று சிரித்தார்கள். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது. ஒரு வருஷம் பாட்டில் சுற்றும்போதே அவள் எழுந்து கைகழுவப் போய்விட்டாள். அதற்கு அடுத்த வருஷம் அத்தை ஒரு சட்டம் போட்டார்: பாட்டில் நிற்கும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது. அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தங்கை வந்து, "பார்ட்டிக்கு எல்லா விளையாட்டும் நீதான்க்கா யோசிக்கணும்" என்றாள். பெரியவள் சரி என்றாள், ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். அந்த பாட்டில் அலமாரியை விட்டு வெளியே வரக் கூடாது. "அத்தைகிட்ட நான் பேசிக்கறேன், நீ கவலைப்படாதே" என்று தங்கை தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். மற்ற எதைக் கேட்டிருந்தாலும் பெரியவள் விட்டுக்கொடுத்திருப்பாள். தன் தங்கை பார்ட்டியில், தான் தூக்கி வளர்த்த அந்தத் தங்கைக்கு முன்னால், ஒரு தடவையாவது கேலிப்பொருளாக இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்கள்.

விளையாட்டுகளை அவள் பல் கட்டுகிற அக்கறையோடு யோசித்தாள். யாரும் கூசக் கூடாது, யாரும் அழக் கூடாது, வயசானவர்கள் ஓடக் கூடாது, புதிதாக வருகிறவர்கள் ஓரமாக நிற்கக் கூடாது. வருகிற ஒவ்வொருவர் தோளிலும் துணி உலர்த்தும் கிளிப் மூன்று மாட்டுவது, யார் வாயில் 'கல்யாணம்' என்ற சொல் வருகிறதோ அவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்வது. டிஷ்யூ காகிதச் சுருளைச் சுற்றிச் சுற்றியே கல்யாணப் பெண்ணுக்கு உடுப்புத் தைப்பது. பிறகு அவளுக்கே தோன்றிய ஒன்று: பட்டறையில் இருக்கும் சொந்தக்காரர்களின் பிளாஸ்டர் பல்வரிசைகளைத் தட்டில் அடுக்கி, எது யார் வாய் என்று கண்டுபிடிப்பது. சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் போய் "வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். அத்தையின் பல்வரிசையை மட்டும் கேட்கவே இல்லை, பட்டறை அலமாரியிலேயே விட்டுவிட்டாள். மேல்வரிசை முழுக்கக் கட்டியது என்பது வெளியே தெரியக் கூடாது என்று அத்தை நினைத்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் தெரியும்தான், இருந்தாலும் அந்த மரியாதையைக் காப்பாற்ற வேண்டும் என்று இவளுக்குத் தோன்றியது. அத்தைக்கு அப்படி ஒன்று தோன்றியதா என்றால், இல்லை.

பார்ட்டி நன்றாகவே போனது. அத்தை வந்தவர்களை வரவேற்கும்போதே 'கல்யாணம்' என்று மூன்று தடவை சொல்லி மூன்று கிளிப்பையும் இழந்தார். பெரியவளின் சித்தி தன் பல்வரிசையைத் தானே அடையாளம் தெரியாமல் "இது யாரு, எலி மாதிரி?" என்று கேட்டு, தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். சின்னவளின் ஆபீஸ் தோழிகள் அவளைக் கழுத்திலிருந்து கால்வரை காகிதத்தில் சுற்றி, இடுப்பில் ஒரு பூவும் செய்து வைத்தார்கள். பெரியவளுக்கு மனசு நிறைந்திருந்தது. அப்போதுதான் அத்தை அலமாரியைத் திறந்தார். பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை தன் இடுப்பில் இருந்த காகிதப் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நாற்காலிகள் வட்டமாயின, அத்தையின் கை வந்து பெரியவளின் கையைப் பிடித்தது, ஜன்னலோர நாற்காலி காத்திருந்தது. "தங்கச்சிக்கே ஆயிடுச்சு! இந்தத் தடவை நீயே சுத்தும்மா, கைராசி எப்படின்னு பார்ப்போம்" என்றார் அத்தை. ஹால் முழுக்கச் சிரித்தது. காகிதத்துக்குள்ளிருந்து சின்னவளும் சிரித்தாள்.

பெரியவள் குனிந்து பாட்டிலைச் சுற்றிவிட்டாள். அத்தனை வருஷத்துக் கோபமும் அந்த மணிக்கட்டில்தான் இருந்தது. பாட்டில் சுற்றியது. கைதட்டல் ஓய்ந்தது, சுற்றியது. பாட்டுப் பெட்டியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கி அதுவும் முடிந்தது, சுற்றியது. அத்தை காலை நீட்டித் தடுத்துப் பார்த்தார், காலில் இருந்த வீட்டுச் செருப்பு பறந்து திரைச்சீலையில் மாட்டிக்கொண்டது. வட்டத்துக்கு வெளியே நின்ற யாரோ ஒரு வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்து மூடினார்கள், கொஞ்ச நேரத்தில் வாளியும் சேர்ந்து சுற்றியது. வாளியை எடுத்துவிட்டார்கள். பாத்ரூம் போக வேண்டும் என்று சித்தி எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. கையால் தள்ளினார், உதறினார், நாற்காலி விடவில்லை. ஒவ்வொருவராக முயன்று பார்த்தார்கள். வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியோடு ஒட்டியிருந்தார்கள். பாட்டில் நிற்கும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது சட்டமல்லவா? பெரியவள் மட்டும் எழுந்தாள். அவள் நாற்காலி சும்மா விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவள் மேல் பாய்ந்தார்கள் பாருங்கள்! தாங்கள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலையிலும் திட்ட மட்டும் வாய் வந்தது. "என்னடி செஞ்சே?", "அடுத்த வாரம் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இப்படியா?", "பொறாமை, வேற என்ன!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். "நிறுத்துடி அதை" என்றார் அத்தை. பெரியவள் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "சுத்தச் சொன்னீங்க, சுத்தினேன். ஆட்டம் உங்களது அத்தை. நீங்களே நிறுத்துங்க. இத்தனை வருஷமா ஒருத்தராவது, போதும் விடுங்கன்னு சொன்னீங்களா? ஒருத்தராவது?" என்றாள். வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

அப்போது வட்டத்தில் இருந்த ஆபீஸ் தோழி ஒருத்தி, அந்தக் குடும்பத்துப் பழக்கவழக்கம் எதுவும் தெரியாதவள், மெதுவாகச் சொன்னாள். "நானும் சிரிச்சேங்க. எதுக்குன்னே தெரியாம சிரிச்சேன். தப்புதான்." சொல்லி முடிக்கும்போதே அவள் நாற்காலி விட்டது. எழுந்து நின்றுவிட்டாள். வழி தெரிந்துபோயிற்று. மற்ற தோழிகள் எழுந்தார்கள். சித்தி, "அந்த வருஷம், அதுக்கு முந்தின வருஷம், எல்லா வருஷமும் சிரிச்சேன், சாமி" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு பாத்ரூமுக்கு ஓடினார். அடுத்தது பெரியவளின் அம்மா. அம்மா மடியில் கசக்கிவைத்திருந்த கைக்குட்டையை எடுத்துக் காட்டினாள். "இந்தக் கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு நானும் சிரிச்சேன். சிரிக்கலன்னா அழுதுருவேன்னு சிரிச்சேன். அழுதிருக்கணும், இல்ல எந்திரிச்சிருக்கணும். பெத்தவ நான் எந்திரிச்சிருக்கணும்" என்றாள். நாற்காலி விட்டும் அவள் எழுந்திருக்கவில்லை, பெரியவள்தான் வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

கடைசியில் சின்னவளும் அத்தையும்தான் மிச்சம். காகித உடுப்புக்குள் சின்னவள் விசும்பிக்கொண்டிருந்தாள். "அத்தைகிட்ட நான் சொல்லவே இல்லக்கா. சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டு, போய் நின்னேன், பயமா இருந்துச்சு, வேற ஏதோ பேசிட்டு வந்துட்டேன். அப்புறம் பாட்டில் வந்தப்ப சிரிச்சேன். அவங்க என்னை எதுவும் சொல்லிடக் கூடாதேன்னு சிரிச்சேன்." கண்ணீர் விழுந்த இடமெல்லாம் காகிதம் கரைந்து கிழிந்தது, காகிதப் பூ மடியில் விழுந்தது. பெரியவள் அவள் எதிரில் வந்து நின்றாள். மன்னித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை, அதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் நடக்கிற காரியமும் இல்லை. "சரி, எந்திரி. எல்லாம் நனையுது" என்றாள். தங்கை எழுந்தாள்.

அத்தை மட்டும் உட்கார்ந்திருந்தார். "நான் தமாஷுக்குத்தானே செஞ்சேன்" என்றார், நாற்காலி அசையவில்லை. "அவ நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார், நாற்காலி இன்னும் இறுகியது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று எல்லாரும் கெஞ்சினார்கள். "என் வீட்டுல, என் நாற்காலியில நான் உட்கார்ந்திருக்கேன். உங்களுக்கென்ன?" என்று முடித்துவிட்டார். அடுத்த வாரம் கல்யாணத்துக்கு அவரை நாற்காலியோடு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாப் போட்டோவிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், பார்க்கிறவர்கள் பெரிய மனுஷி என்று நினைத்துக்கொள்வார்கள். குளிப்பது, தூங்குவது எல்லாம் உட்கார்ந்தபடிதான். முதல் சில மாதம் கஷ்டமாக இருந்தது, பிறகு நாற்காலிக் காலில் சக்கரம் வைத்துக் கொடுத்தார்கள், பழகிவிட்டது. அதற்குப் பிறகும் அந்த ஹாலில் பார்ட்டிகள் நடந்தன. கிளிப் விளையாட்டு, பல்வரிசை விளையாட்டு என்று பெரியவள் யோசித்த விளையாட்டுகளைத்தான் ஆடுகிறார்கள், மற்றவர்கள் வீட்டிலிருந்தும் யோசனை கேட்டு வருகிறார்கள். பாட்டிலைத் தாண்டிப் போகக் குழந்தைகளுக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று இந்த இடத்தில் கேட்கிறவர்கள், தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

போன மாதம் அத்தையின் மேல்வரிசைப் பல் தளர்ந்துவிட்டது. பேசும்போது நழுவுகிறது, சாப்பிடும்போது குத்துகிறது. பட்டறை மாடியில் இருக்கிறது, அந்தக் குறுகலான படியில் நாற்காலி ஏறாது. பெரியவள் சாயங்காலம் வேலை முடிந்து, வாய் அச்செடுக்கும் தட்டும் மாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். பாட்டிலைத் தாண்டி, நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து மாவைக் குழைத்தாள். அத்தை அவள் தலைக்கு மேலாகப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைக்காவது அது நிக்கும். நின்னா உன்னைத்தான் காட்டும்" என்றார்.

"காட்டட்டும் அத்தை. இப்ப வாயைத் திறங்க."

அத்தை வாயைத் திறந்தார். பெரியவள் தட்டைப் பொருத்தி, மாவு இறுகும்வரை ஒரு கையால் அவர் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பக்கத்தில் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.