ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரு மூடி

ஜூலி நான்கு குட்டிகள் போட்டுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. தாய்க்கும் குட்டிகளுக்கும் ஒரே நாளில் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார் கால்நடை டாக்டர். பால் கொடுக்கும் நாய்க்கு மருந்தா என்று நான் பதறியதும், தீங்கு செய்யாத மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்தார்.

சீட்டை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பரந்தாமன் குமணன்சாவடிக்குக் கிளம்பியபோது, அவரைக்கொடி படர்ந்த மதிலுக்கு மேலாக, "பூச்சி மருந்து ஒரு பாட்டில் வாங்கியாடா!" என்று மட்டும் கத்தினேன்.

அவன் வந்ததும் ஜூலியின் கிண்ணத்தில் பாலை ஊற்றிவிட்டுப் பாட்டிலைத் திருகினேன்.

"ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரு மூடி போதும்க்கா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்த நாய்டா ஒரு பக்கெட் தண்ணி குடிக்கும்?"

"இன்னாது, நாயா? அவரைக்கொடிக்குன்னுல்ல நெனச்சேன்! மூடுக்கா, அது வெசம்!"

மூடியை இறுக்கித் திருகினேன். அதற்குள் ஜூலி கிண்ணத்தை நக்கிக் காலி செய்திருந்தாள். வெறும் பால்தான். மாதாவே, வெறும் பால்தான்!

மாலையில் சீட்டோடு நானே போய்ச் சரியான மருந்தை வாங்கி வந்து, டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தேன். இரண்டு நாளில் குட்டிகளின் உப்பிய வயிறு வடிந்தது.

அடுத்த மாதம் என் மகளுக்குப் பூச்சி மருந்து வேண்டியிருந்தது. பரந்தாமன் சைக்கிளில் ஏறாமல் நின்றான்.

"வயித்துக்கா, கொடிக்கா, அக்கா?"

டாக்டர் எழுதித் தந்த சீட்டை நீட்டினேன்.