ஓட்ட வேந்தருக்கு ஒரு புகழுரை

கிளேட்டன் தமிழர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினர் கிடைத்துவிட்டார் என்று 1976இல் கணேசலிங்கம் அறிவித்தார். ஆளை வேலிக்கு அங்கால் பிடித்தது என்று மட்டும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பெர்சிக்கு எண்பத்தாறு வயது. முதலாம் உலகப் போருக்கு முந்திய காலத்தில் பத்து மைல் ஓட்டக்காரர். கிழமை நாளில் பிஸ்கற் தொழிற்சாலை, சனிக்கிழமை ஓட்டம். ஓட்டத்துக்கு ஒரு சதம் வாங்கியதில்லை. "ஒரேயொருமுறைதான் வென்றேன். முன்னால் போன நாலு பேரும் பனிமூட்டத்தில் வழி தவறிவிட்டார்கள்" என்று அவரே வேலிக்கு மேலால் சிரித்துக்கொண்டு சொன்னார்.

கணேசலிங்கம் அதைச் செந்தமிழில் புகழுரையாக்கினார். காசு வாங்காதது 'பொன்னைப் புல்லென மதித்த துறவு' ஆயிற்று. பனிமூட்டம் 'இயற்கையே நாணி இட்ட முகத்திரை' ஆயிற்று. அந்த நாலு பேருக்கும் உரையில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் சங்கத் தலைவர் தெரிவு. இந்த உரையைச் சனம் இருந்து கேட்டால் டொக்டர் தேவராஜாவின் தலைவர் பதவி தனக்குத்தான் என்பது அவர் நம்பிக்கை.

"இஞ்சை பாருங்கோ, மனிசன் ஓடவெண்டு சப்பாத்தும் துடைச்சு வைச்சிருக்குது" என்றாள் மனைவி சத்தியபாமா.

"பிரதம விருந்தினர் ஓடுறதோ? அவர் கதிரையிலை இருக்கிறதுக்கெண்டு வாறவர்."

போட்டியன்று தேவாரம் முடிந்தது. வரவேற்புரை முடிந்தது. தேவராஜா தன்னைப் பற்றித் தலைமையுரை ஆற்றி முடித்தார். பொன்னாடையும் போர்த்தாயிற்று. அதற்குக் கீழே, அரைக் காற்சட்டையில், பெர்சியின் முழங்கால்கள் குளிரில் நடுங்கின.

"ஓட்ட வேந்தரே!" என்று தொடங்கினார் கணேசலிங்கம். பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்கலாமோ? ஆகவே பெர்சி என்ற பெயரே உரையில் கிடையாது.

முகத்திரை வரும் இடத்தில் பெர்சி பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு, மேடையால் இறங்கி, தொடக்கக் கோட்டில் நின்று, ஓடினார். அதை ஓட்டம் என்பதற்கு நல்ல மனம் வேண்டும். ஆனால் நிற்கவில்லை.

"டேய், கிழவன் ஓடுதடா!"

சனம் எழும்பியது. அன்ரிமார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். தேவராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சத்தியபாமாவும்தான்.

கணேசலிங்கம் வெறுங்கதிரைகளைப் பார்த்தார். கதிரைகளாவது எழும்பிப் போகாது என்று வாசித்தார்.

மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றியபின் சனம் வடைத் தட்டடிக்குப் போயிற்று. "ஓட்ட வீரரோடை சரிக்குச் சரி ஓடின தலைவரல்லோ!" என்று தேவராஜாவைச் சுற்றி ஒரே ஆரவாரம். தலைவர் தெரிவு அங்கேயே முடிந்துவிட்டது.

பெர்சி மட்டும் வந்து முன்வரிசையில் காலை நீட்டி இருந்தார். ஒரே ஒரு ரசிகர்! கணேசலிங்கம் குரலை உயர்த்தினார். கடைசித் தாள்வரை மனிசன் அசையவில்லை. முடிந்ததும் பலமாகக் கை தட்டினார்.

"அருமையான பேச்சு" என்றார் ஆங்கிலத்தில். "யாரைப் பற்றி?"

கணேசலிங்கம் தாள்களை மடித்துப் பையில் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியாத ஆள்" என்றார்.