செம்பு கீறாத கத்தி

அந்த மோட்டார் பட்டறையில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். அண்ணி மோட்டாருக்குள் வைக்கும் கம்பிச் சுருளை, அதாவது 'காயிலை'ச் சுற்றுவாள். நாத்தனாரின் வேலை மோட்டாரையும் பம்பையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்திப் பூட்டுவது. மயிரிழை விலகினாலும் விடமாட்டாள். பட்டறை முதலாளி ஒருத்திக்குக் கணவன், மற்றவளுக்கு அண்ணன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

காயில் சுற்றும் செம்புக் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். இணைக்கிற முனையில் அதைச் சுரண்டி எடுத்தால்தான் மின்சாரம் பாயும். பிளேடால் சுரண்டிச் சுரண்டி அண்ணியின் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. "இதுக்கு ஒரு மிஷின் செஞ்சே தீருவேன்" என்று இறங்கிவிட்டாள். கம்பியைச் சுற்றிச் சுழலும் மூன்று குட்டிக் கத்திகள், அவற்றை ஓட்ட ஒரு பழைய தையல் மிஷின் மோட்டார்.

சுழன்றது, சுரண்டியது. ஆனால் ஒரு பக்கம் பூச்சு அப்படியே இருக்க, மறுபக்கம் செம்பே கீறிப்போனது. கத்தியை மாற்றினாள், வேகத்தைக் குறைத்தாள். பலிக்கவில்லை.

ஒரு மத்தியானம் நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

"கத்தி என்ன பண்ணும், பாவம்? கம்பி நடுவுலயே நிக்கலையே, அண்ணி."

"உன்னைக் கேட்டேனா?"

"கேக்காமலே சொல்றதுக்குத்தானே நாத்தனார்!"

அண்ணிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கீங்க, இன்னைக்கு மழை கொட்டப்போகுது" என்றான் முதலாளி.

நாத்தனார் முதலில் சிறு உருளைகளை வரிசையாகப் பொருத்தினாள். வளைந்த கம்பி அவற்றின் இடையே புகுந்து நிமிர்ந்து வரும். அடுத்து மூன்று தாடைகள். மூன்றும் ஒரே சமயத்தில், ஒரே அளவு மூடிக் கம்பியை நட்டநடுவில் பிடிக்கும். பிடித்ததும் கத்திகள் தானாகச் சுழலும்படி அண்ணி இணைப்புக் கொடுத்தாள். இடையில் ஒரு தாடையின் வடிவத்துக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினார்கள், வேலையை நிறுத்தவில்லை.

மிஷின் தயாரான சேதி கேட்டு, பம்பு தொழிற்சாலையிலிருந்து பார்வையிட வந்த என்ஜினியரம்மா, பட்டறைக் கம்பியைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து கசங்கிய கம்பிச் சுருள் ஒன்றை எடுத்தாள்.

"இதைப் போட்டுக் காட்டுங்க."

நாத்தனார் குனிந்து தாடைகளை ஒருமுறை சரிபார்த்தாள். அண்ணி முனையை உள்ளே விட்டாள். உருளைகள் நிமிர்த்தின, தாடைகள் கவ்வின, கத்திகள் சீறின. வெளியே வந்த முனை புதுச்செம்பாக மின்னியது. என்ஜினியரம்மா லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"யார் கண்டுபிடிச்சது?"

"எங்க அண்ணி!" என்றாள் நாத்தனார், பட்டறையே அதிர.

"சுரண்டறதுதான் என்னுது" என்றாள் அண்ணி. "கம்பியை நேரா நிக்க வச்சது இவ. அது இல்லன்னா இது வெறும் தகரம்."

முதலாளி தோள்துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எங்க தொழிற்சாலையில எல்லா லைனுக்கும் இது வேணும். மிஷினுக்கு என்ன பேரு?" என்றாள் என்ஜினியரம்மா.

அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"நாத்தனார்னு வைங்க. சுரண்டறதுக்குப் பொருத்தமான பேரு" என்றாள் நாத்தனார்.

என்ஜினியரம்மாவே விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் மிஷின் வண்டி ஏறுவதற்கு முன், அண்ணி சிவப்பு பெயின்ட்டில் அந்தப் பெயரைத் தன் கையால் எழுதினாள். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.