கடைசிக் கேள்விக்கு முதல் டிக்கெட்

பரிசோதகர் தேர்வில் நடத்துநருக்கு இது மூன்றாவது முயற்சி. நாலாவது கிடையாது என்பது விதி.

பரிசோதகர் ஆகிவிட்டால் பாதி நாள் மேசையில் உட்காரலாம். பத்தொன்பது வருடம் ஓடும் பேருந்தில் நின்ற முழங்காலுக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது.

கணக்குத் தாள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு முறையும் காலை வாரியது வாசிப்புத் தாள்தான். ஒரு பத்தி கொடுப்பார்கள். அதிலிருந்து பத்துச் சொல் எடுத்துப் பொருள் கேட்பார்கள். குறைந்தது ஏழு சரியாக இருக்க வேண்டும்.

நாத்தனார் பள்ளி ஆசிரியை. ஒரு மாதமாகச் சமையலறையில் காய் நறுக்கும் நேரத்தில் வகுப்பு நடந்தது.

"தெரியாத சொல்லா? கட்டைவிரலால மூடுங்க அண்ணி. நாலு விடையையும் அந்த இடத்துல ஒவ்வொண்ணா உட்கார வச்சுப் பாருங்க. எது இடிக்காம உட்காருதோ, அதுதான்."

"இடிக்காம உட்கார்ற ஆளை நான் இன்னும் பார்த்ததே இல்லையே."

"வெங்காயத்தைப் பார்த்து நறுக்குங்க. விரல் தேர்வுக்கு வேணும்."

தேர்வு அறையில் நாற்பது நிமிடம். பத்தி ஒரு கலங்கரை விளக்கக் காவலரைப் பற்றியது. இரண்டு தடவை படித்தாள். மனிதர் பாவம், புயலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினாள். வேறு விதமாகத் தொடங்க அவளுக்குத் தெரியாது. டிக்கெட் எடுக்காதவன் பின் இருக்கையில்தான் பதுங்குவான். அதனால் எப்போதும் பின்னாலிருந்து முன்னால் வருவாள். விடைகளும் பயணிகள் போலத்தான் இருந்தன. ஒன்று முந்திக்கொண்டு கை நீட்டியது. ஒன்று தூங்குவதுபோல் நடித்தது. கட்டைவிரலால் சொல்லை மூடினாள், ஒவ்வொன்றையும் ஏற்றினாள், இடித்ததை இறக்கிவிட்டாள். பென்சில் தனி விடைத்தாளின் வட்டங்களைக் கருப்பாக்கிக்கொண்டே போனது.

நாலாம் கேள்வி மட்டும் முரண்டு பிடித்தது. 'வாளா இருந்தார்.' அதன் வட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு மூன்றுக்குப் போனாள். மூன்று, இரண்டு, ஒன்று. முடிந்தது. பத்து நிமிடம் மீதி. அறையைச் சுற்றிப் பார்த்துப் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

பிறகு நாலுக்குத் திரும்பினாள்.

விடைத்தாளில் நாலாம் வரிசையில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தது. ஏழாம் வரிசை காலி.

ஒரு கணம் புரியவில்லை. விரல் வைத்து வரிசைகளை மேலிருந்து எண்ணினாள். பின் இருக்கைக்காரருக்குத்தான் கட்டின் மேலிருக்கும் முதல் டிக்கெட். பத்தொன்பது வருடப் பழக்கம். கண் கேள்விகளைக் கீழிருந்து எடுக்க, கை விடைகளை மேலிருந்து கிழித்துக் கொடுத்திருந்தது. பத்தாம் கேள்வியின் விடை முதல் வரிசையில். வண்டி முழுக்கத் தலைகீழ்.

கண்காணிப்பாளரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"வேற தாள் கிடைக்குமா சார்?"

"ஒருத்தருக்கு ஒண்ணுதாம்மா. அழிச்சு எழுதுங்க. கிழிஞ்சா செல்லாது."

பென்சிலின் பின்முனையில் மொச்சைக்கொட்டை அளவு ரப்பர் இருந்தது. அவள் மேலே கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காலை நெரிசலில் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே அறுபது டிக்கெட் கொடுத்தவள். ஒன்றையும் பத்தையும் இடம் மாற்றினாள். இரண்டுக்கும் ஒன்பதுக்கும் நல்ல வேளையாக ஒரே விடை, அவர்களை எழுப்பவில்லை. மூன்று, எட்டு. ஐந்து, ஆறு. நாலிலிருந்தவரை ஏழுக்கு அனுப்பினாள். தாள் மெலிந்தது. கிழியவில்லை.

"அஞ்சு நிமிஷம்," என்றார் கண்காணிப்பாளர்.

நாலாம் வரிசை இப்போது காலி. சொல்லைக் கட்டைவிரலால் மூடினாள். மனைவி எவ்வளவோ திட்டியும் காவலர் பதில் பேசாமல், கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ இருந்தார். கோபமாக? திட்டு வாங்கியவர் அவர், சரி, ஆனால் கை கட்டியிருக்கிறதே. வாளுடன்? விளக்கு ஏற்றுகிறவருக்கு வாள் எதற்கு, இறங்கு. ஒளிந்து? எதிரில்தான் நிற்கிறார். சும்மா?

அவள் கணவன் நினைவுக்கு வந்தான். வட்டத்தைக் கருப்பாக்கினாள்.

பதினைந்து நாள் கழித்துப் பணிமனைச் சுவரில் தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். மதிப்பெண் வரிசையில் நாற்பத்தோரு பதிவு எண்கள். அவளுடைய வண்டி ஓட்டுநர் தோளால் கூட்டத்தை விலக்கி, மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார்.

"முதல் பத்துல இல்ல தங்கச்சி." கொஞ்சம் பொறுத்து, "இருபதுலயும் இல்ல." குரல் இறங்கிக்கொண்டே போனது. "முப்பது... மனசைத் தளர விடாத."

அவள் ஏற்கெனவே பட்டியலின் அடியில் விரல் வைத்திருந்தாள்.

"இருக்கேன்ணே. கீழேருந்து ரெண்டாவது."

"அதை ஏன் ஊருக்கே கேக்குற மாதிரி சொல்ற? மானம் போகுது."

"வண்டியில ஏறியாச்சு," என்றாள் அவள். "எந்த சீட்டா இருந்தா என்ன, உட்கார்ந்தா போதும்."